இன்ஜின் ஓடாமல் எவ்வளவு தூரம்? ஹைபிரிட் கார் கேள்வி – பதில்

இந்த முறை முழுக்க ஹைபிரிட்தான், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். 2022-ல் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் வந்ததிலிருந்து இந்தக் கேள்விகள் வருவது நிற்கவே இல்லை. ஊர் வேறு, வண்டி வேறு, ஆனால் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: இன்ஜினைத் தொடாமல் கரண்ட்டிலேயே அதிக தூரம் ஓட்டுவது எப்படி?

ஹைரைடர் ஹைபிரிட் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் ஆபீஸ் போகிறேன். பயணம் முடிந்ததும் இ.வி. ஓட்டம் (இன்ஜின் இல்லாமல் கரண்ட்டில் ஓடியது) 45 சதவீதம் என்று மீட்டரில் காட்டுகிறது. இதே வண்டி வைத்திருக்கும் என் மச்சானுக்கு 60-க்கு மேல் வருகிறதாம். இ.வி. பட்டனை அமுக்கினால் கொஞ்ச தூரத்திலேயே தானாக அணைந்துவிடுகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன் சார்?
– வாசகர், தாம்பரம்

முதல் வேலையாக அந்தப் பட்டனை மறந்துவிடுங்கள். விடிகாலை நாலு மணிக்கு அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலிருந்து யாரையும் எழுப்பாமல் வெளியே வருவதற்கும், பேஸ்மென்ட்டில் புகை விடாமல் வண்டியை நகர்த்தி நிறுத்துவதற்கும்தான் அது. பேட்டரியில் சார்ஜ் குறைந்தாலோ, வேகம் கூடினாலோ, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தாலோ வண்டியே அதை ரத்து செய்துவிடும். உங்கள் வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 0.76 யூனிட். வீட்டு ஈ.பி. மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். அதையும் முழுசாக எடுக்க வண்டி விடாது, பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக மேலேயும் கீழேயும் இடம் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். ஒரு முழு மின்சாரக் காரில் 30, 40 யூனிட் இருக்கும். அது தண்ணீர்த் தொட்டி என்றால் உங்களிடம் இருப்பது ஒரு சொம்பு. சொம்பு எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பதில் பயனில்லை, கிண்டி போய்ச் சேர்வதற்குள் அதை எத்தனை தடவை நிரப்பிக் காலி செய்கிறீர்கள், எதைக் கொண்டு நிரப்புகிறீர்கள் என்று பாருங்கள்.

நிரப்ப இரண்டே வழி. இன்ஜின் பெட்ரோலை எரித்து நிரப்பும், இல்லையென்றால் நீங்கள் வேகத்தைக் குறைக்கும்போது சக்கரமே மோட்டாரைச் சுழற்றி நிரப்பும். முதல் வழியில் வந்த கரண்ட் உங்கள் பெட்ரோல்தான், அதுவும் ஜெனரேட்டரில் கொஞ்சம், பேட்டரியில் கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம் என்று இழந்துவிட்டு வந்தது. இரண்டாவது வழியில் வருவது, சாதாரண காராக இருந்தால் பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போயிருக்கும். மீட்டரில் இரண்டுக்கும் ஒரே பச்சை எழுத்தில் இ.வி. என்றுதான் காட்டும், ஆனால் பங்க்கில் காசு மிச்சமாவது இரண்டாவதில்தான்.

போன மாதம் ஒரு நண்பர் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குரோம்பேட்டை தாண்டியதும் தூரத்தில் சிக்னல் சிவப்பு. அவர் வழக்கம்போல் கடைசி வரை ஆக்ஸிலேட்டரில் கால் வைத்திருந்து, முன்னால் நிற்கிற வேனுக்குப் பக்கத்தில் போய் அழுத்திப் பிடித்தார். முள் சார்ஜ் பக்கம் விருட்டென்று கடைசி வரை போனது, மூன்று நொடியில் வண்டி நின்றுவிட்டது, பேட்டரிப் படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் குட்டிப் பேட்டரியால் அவ்வளவு வேகமாகக் கரண்ட்டை வாங்கிக்கொள்ள முடியாது, அதற்கு மேல் வருகிற வேகத்தை பிரேக் பேட்தான் தேய்ந்து சாப்பிடுகிறது. பல்லாவரம் சிக்னலில் நான் சொன்னபடி செய்தார். சிவப்பைப் பார்த்ததுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கின் மேல் லேசாக, தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டே வந்தார். முள் சார்ஜ் பகுதியின் நடுவில் நிலையாக நின்றது, பத்துப் பன்னிரண்டு நொடி. வண்டி நிற்கும்போது பேட்டரியில் ஒரு கட்டம் ஏறியிருந்தது. தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய வித்தை இது ஒன்றுதான்.

வேகத்துக்கும் இதில் கணக்கு உண்டு. 30 கி.மீ. வேகத்தில் வண்டிக்குள் இருக்கும் சக்தியைவிட 60-ல் நாலு மடங்கு அதிகம். அதனால் 60-லிருந்து 30-க்கு இறங்குகிற அந்தப் பகுதியில்தான் முக்கால்வாசி சக்தி இருக்கிறது, அதை அவசரமாகப் பிடித்து வீணாக்காதீர்கள்.

அடுத்து, கிளம்புவது. இ.வி. போய்விடுமோ என்ற பயத்தில் சிக்னலிலிருந்து ஊர்ந்து கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்க்கிறார். அது தேவையே இல்லை. இன்ஜின் வரட்டும். இன்ஜினுக்கு மிதமான பாரம் கொடுத்து ஓட்டும்போதுதான் அது பெட்ரோலை நன்றாகப் பயன்படுத்துகிறது. நிதானமாக 50 வரை ஏறுங்கள், ஏறியதும் காலை ஒரு நொடி முழுக்க எடுங்கள், இன்ஜின் நின்றுவிடும், பிறகு அதே வேகத்தைத் தக்கவைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் மறுபடி தொடுங்கள். இப்போது நீங்கள் ஓடுவது கரண்ட்டில். இந்த ஒரு நொடி காலெடுப்பது கைவர ஒரு வாரம் ஆகும், அப்புறம் யோசிக்காமலே வரும்.

காலையில் முதல் சில நிமிடம் இன்ஜின் ஓடத்தான் செய்யும், இன்ஜினும் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாக வேண்டும். அந்த நேரத்தில் நின்றுகொண்டு போன் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள், எப்படியும் எரிகிற பெட்ரோல் வண்டியையாவது நகர்த்தட்டும். டயர் காற்றை டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் சூடாகும் முன் பாருங்கள். காற்று குறைந்தால் காலை எடுத்த பிறகு வண்டி உருண்டு வரும் தூரமே குறைந்துவிடும்.

சரி, மச்சானின் 60. நெரிசல் மிகுந்த மெதுவான பாதையில் போகிறவருக்கு இந்தச் சதவீதம் தானாகவே கூடும், அதனால் அவர் உங்களைவிடக் குறைவாகப் பெட்ரோல் செலவழிக்கிறார் என்று அர்த்தம் இல்லை. டேங்க் ஃபுல் செய்து கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஃபுல்லில் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். சோதனைக் கணக்கில் இந்த வண்டிக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். நம் சாலையில், ஏ.சி. போட்டு, 20-க்கு மேல் வந்தால் நன்றாக ஓட்டுகிறீர்கள் என்றே சொல்வேன்.

கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டை வீட்டு பிளக்கில் சார்ஜ் போட முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

முடியாது. அதற்கு ப்ளக்-இன் ஹைபிரிட் என்று தனி வகை இருக்கிறது, உங்களுடையது அது இல்லை. வெளியே யாராவது வயர் இழுத்துக் கொடுக்கிறேன் என்றால் தயவுசெய்து வண்டியைக் கொடுக்காதீர்கள். கம்பெனி பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்ட்டி கொடுத்திருக்கிறது, அது போய்விடும். உள்ளே ஓடுவதும் உயிர்போகும் வோல்டேஜ்.

மே மாதம் வந்தால் என் ஹைரைடரில் இ.வி. பாதியாகக் குறைகிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போதே இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம் அம்மா, ஈரோடு வெயிலில் ஏ.சி. இல்லாமல் ஓட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்ள இந்தச் சதவீதம் பெறாது. ஏன் அப்படி ஆகிறது என்று மட்டும் சொல்கிறேன். சாதாரண காரில் ஏ.சி. கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட் சுழற்றும். உங்கள் வண்டியில் அது ஹைபிரிட் பேட்டரி கரண்ட்டில் ஓடுகிறது, அதனால்தான் இன்ஜின் நின்றாலும் குளிர்காற்று நிற்பதில்லை. ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 0.76-ல் எடுக்கக் கிடைப்பது பாதி என்றால் 0.38, ஆக வண்டி நகராமல் நின்றாலே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் சொம்பு காலி. உடனே இன்ஜின் வந்து கொஞ்ச நேரம் ஓடி நிரப்பிவிட்டு நின்றுவிடும்.

செய்யக்கூடியது: நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு முதல் இரண்டு நிமிடம் ஓட்டி, உள்ளே அடைந்த அனல் வெளியேறியதும் ஏ.சி. போடுங்கள். 18-ல் வைப்பதை விட்டு 25-ல் ஆட்டோவில் வையுங்கள், உள்காற்றையே சுழற்றும் ரீசர்க்குலேஷனும் இருக்கட்டும். பின் சீட்டின் பக்கம் பேட்டரிக்குக் காற்று போக ஒரு ஜன்னல் மாதிரி இருக்கும், அதன்மேல் துணிப்பை, குழந்தையின் போர்வை எதையும் போடாதீர்கள். பேட்டரி குளிர்வது கேபின் காற்றில்தான், அது சூடானால் கரண்ட்டைக் கொடுப்பதையும் வாங்குவதையும் குறைத்துக்கொள்ளும்.

இறக்கத்திலும் சிக்னலிலும் நியூட்ரலில் போட்டுப் பழகியவன் நான், முப்பது வருடப் பழக்கம். ஹைபிரிட்டிலும் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், திருச்சி

இந்தப் பழக்கத்தை இந்த வண்டியோடு விட்டுவிடுங்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தாலும் கரண்ட் திரும்பி வராது. சிக்னலில் டி (டிரைவ்) கியரிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு நில்லுங்கள், இன்ஜின் தானாக நின்றிருக்கும், மிச்சம் பிடிக்க நியூட்ரலில் ஒன்றும் இல்லை. இறக்கத்தில் நியூட்ரல் எந்த வண்டியிலுமே ஆபத்து.

குன்னூரில் இருக்கிறோம், வண்டி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட். மேட்டுப்பாளையம் இறங்கும்போது சில கிலோமீட்டரிலேயே பேட்டரி நிரம்பிவிடுகிறது. பர்லியார் வரும்போது கால் ஆக்ஸிலேட்டரிலேயே இல்லை, ஆனாலும் இன்ஜின் உறுமுகிறது. இறக்கம் முழுவதும் இலவச சார்ஜ் கிடைக்கும் என்று நினைத்து வாங்கினேன். பி (பார்க்கிங்குக்கான P இல்லை, B) கியரில் போட்டால் இன்னும் அதிகம் சார்ஜ் ஏறுமா?
– வாசகர், குன்னூர்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 330. ஆட்களோடு உங்கள் வண்டி 1,500 கிலோ என்று வைத்தால், அந்த 1,500 மீட்டர் உயரத்திலிருந்து அதை இறக்கும்போது வெளிவரும் சக்தி 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. சாலை உராய்வும் காற்றும் தின்றது போகவும் 4 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76. அருவிக்கு அடியில் டம்ளரைப் பிடித்தால் எவ்வளவு தண்ணீர் சேரும்? நீங்கள் ஏமாறவில்லை, வண்டியும் ஏமாற்றவில்லை, மலை அவ்வளவு பெரிது.

அந்த உறுமல் பெட்ரோல் எரிகிற சத்தம் இல்லை, பயப்படாதீர்கள். பேட்டரிக்கு மேற்கொண்டு வாங்க இடம் இல்லாததால், மிச்ச சக்தியைச் செலவழிக்க வண்டி இன்ஜினைச் சும்மா சுழற்றுகிறது. பெட்ரோல் இல்லாமல், காற்றை இழுத்துத் தள்ளும் பம்ப் மாதிரி அது சுற்றும், வண்டியின் வேகமும் கட்டுக்குள் நிற்கும்.

பி என்பதும் இதே வேலையைத்தான் இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாகச் செய்கிறது. அது அதிக சார்ஜ் ஏற்றுவதற்கு என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், விற்கிறவர்களிலும் சிலர் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். சமதளத்தில் பி போட்டு ஓட்டினால் வரவேண்டிய சார்ஜில் ஒரு பங்கு இன்ஜினைச் சுழற்றவே போய்விடும். ஆனால் உங்கள் சாலையில் பி கட்டாயம் வேண்டும், பிரேக்குக்காக. பேட்டரி நிரம்பிய பிறகு நீங்கள் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் நேராக பிரேக் பேடுக்குத்தான் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி இறங்கி அது சூடேறினால், பெடல் அழுந்தும், வண்டி நிற்காது. குடும்பத்தோடு இறங்குகிறீர்கள். செங்குத்து இறக்கம் தொடங்குகிற இடத்திலேயே பி போட்டுவிடுங்கள், சார்ஜைப் பற்றிய யோசனை அங்கே வேண்டாம்.

ஆனால் இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. மலையிறங்கப் போகிற அன்று குன்னூர் ஊருக்குள் ஓடும்போதே பேட்டரியை முடிந்தவரை காலியாக்கிக்கொண்டு கிளம்புங்கள், முதல் சில கிலோமீட்டரில் பிடிக்கிற அளவு கூடும். கல்லாறு தாண்டி சமதளம் வந்ததும் டி-க்கு மாற்றி, 40, 50-ல் அலுங்காமல் போனால், நிரம்பிய சொம்பு மூன்று கிலோமீட்டர் வரை இன்ஜின் இல்லாமல் இழுக்கும். ஏறும்போது இ.வி. கேட்காதீர்கள், அது இன்ஜினின் வேலை.

ஹோண்டா சிட்டி ஹைபிரிட் வைத்திருக்கிறேன். நான்குவழிச் சாலையில் 90-ல் நிலையாகப் போகும்போது இன்ஜின் நிற்பதே இல்லை. பழுதா?
– வாசகர், மதுரை

பழுது இல்லை. ஹோண்டாவின் ஏற்பாடு வேறு மாதிரி. ஊருக்குள் உங்கள் இன்ஜின் பெரும்பாலும் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும், சக்கரத்தை ஓட்டுவது மோட்டார். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பிடித்து இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும், அந்த வேகத்தில் அதுதான் சிக்கனம். அங்கே இ.வி.யை வரவழைக்க முயல வேண்டாம், 90-ஐ 80 ஆக்கினால் மிச்சமாவது அதைவிட அதிகம்.

2013 டொயோட்டா அக்குவா ஹைபிரிட் பாவிக்கிறேன். முந்தி கண்டி வீதியில் பெரும்பாலும் பற்றரியில்தான் ஓடும். இப்ப சார்ஜ் கட்டங்கள் மளமளவென்று ஏறி மளமளவென்று இறங்குகிறது, எஞ்சின் நிற்பதே குறைவு. கராஜில் பழுதான செல்லை மட்டும் மாற்றித் தரலாம் என்கிறார்கள். ஓட்டும் முறையை மாற்றினால் சரிவருமா ஐயா?
– வாசகர், யாழ்ப்பாணம்

வராது ஐயா, இது ஓட்டும் முறையில் இல்லை. ஏறுவதும் இறங்குவதும் வேகமாக நடந்தால் சொம்பே சிறுத்துவிட்டது என்று பொருள், பேட்டரி வயதாகிவிட்டது. இலங்கையில் 2020 மார்ச்சிலிருந்து 2025 பிப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால், ஓடுகிற அக்குவாக்களில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போலப் பத்து வருடம் தாண்டியவை. அங்கிருந்து நிறையப் பேர் இதையேதான் கேட்கிறார்கள்.

முதலில் செலவில்லாததைப் பாருங்கள். பின் சீட்டின் கீழ்ப்பகுதியில் பேட்டரி மின்விசிறி காற்றை இழுக்கும் வாய் இருக்கும். அதன் வலையிலும் விசிறியிலும் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். சுத்தம் செய்த பிறகும் அப்படியே என்றால், ஸ்கேனர் போட்டு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள், நிற்கும்போது பார்ப்பது போதாது.

உங்கள் பேட்டரியில் 7.2 வோல்ட் மாட்யூல் (செல்கள் சேர்ந்த கட்டு) 20 வரிசையாக இருக்கின்றன, மொத்தம் 144 வோல்ட். வரிசையில் ஒன்று சோர்ந்தால் மற்ற 19-ம் அதன் வேகத்துக்குத்தான் நடக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதம் நன்றாக ஓடும், பிறகு அதே வயதுள்ள அடுத்தது விழும், மறுபடி கராஜ், மறுபடி கூலி. வண்டியை இன்னும் இரண்டு மூன்று வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், பணம் சேர்த்து முழுப் பேட்டரியையும் எழுத்து மூல உத்தரவாதத்தோடு மாற்றுங்கள். விற்கத்தான் போகிறீர்கள் என்றால் செல் மாற்றியதை வாங்குகிறவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள். வீட்டில் நீங்களாகத் திறக்க வேண்டாம், உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயர் இருக்கும் இடத்தில் கை வைக்கவே கூடாது.

டொயோட்டா ராவ்4 பிரைம் வைத்திருக்கிறேன். கோடையில் வேலைக்குப் போய்வர ஒரு சொட்டுப் பெட்ரோலும் தேவைப்படுவதில்லை. குளிர்காலத்தில் முழுச் சார்ஜ் இருந்தும் இன்ஜின் ஓடுகிறது. தடுக்க வழி உண்டா?
– வாசகி, ஸ்காபரோ, கனடா

உங்களுடையது ப்ளக்-இன். மேலே தாம்பரத்து வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக உங்களுக்குச் சொல்ல வேண்டும்: நீங்கள் இ.வி. சதவீதத்தைத் துரத்தலாம், துரத்த வேண்டும். உங்கள் 18.1 யூனிட் பேட்டரி சுவர் பிளக்கிலிருந்து நிரம்புகிறது, அது பெட்ரோலிலிருந்து வந்த கரண்ட் இல்லை. முழுச் சார்ஜில் 68 கி.மீ. என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், பனிக்காலத்தில் அது கணிசமாகக் குறையும்.

இன்ஜின் வருவதற்குப் பெரும்பாலும் ஹீட்டர்தான் காரணம். உங்கள் வண்டியில் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் இருக்கிறது, ஆனால் குளிர் சுமார் மைனஸ் 10-க்குக் கீழே போனால் அதனால் மட்டும் சமாளிக்க முடியாமல் இன்ஜினைத் துணைக்குக் கூப்பிடும். முன் கண்ணாடிக்கான டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கினாலும் இன்ஜின் வரும், இது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடி மூடியிருந்தால் தயங்காமல் அமுக்குங்கள், பார்வை முக்கியம். தெளிந்ததும் அணைத்துவிடுங்கள். சீட் ஹீட்டரையும் ஸ்டீயரிங் ஹீட்டரையும் முதலில் போட்டு, கேபின் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், உடம்பைத் தொடுகிற சூட்டுக்கு மிகக் குறைந்த கரண்ட்தான் செலவாகும். 401 நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிற நாளில் அங்கே ஹெச்.வி.க்கு (சாதாரண ஹைபிரிட் ஓட்டத்துக்கு) மாற்றிவிட்டு, சார்ஜை ஊருக்குள் ஓட வைத்திருங்கள்.

சார்ஜ் போடும் நேரமும் கணக்கில் வரும். ஒன்டாரியோவில் 2023-ல் கொண்டுவந்த மலிவான இரவுக் கட்டணம் இரவு 11-லிருந்து காலை 7 வரை. வேலைவிட்டு வந்ததும் போட்டால் பேட்டரி நள்ளிரவுக்குள் நிரம்பி, விடியும்வரை குளிரில் விறைத்துக் கிடக்கும். 240 வோல்ட்டில் 3.3 கிலோவாட் சார்ஜர் உள்ள மாடலுக்கு முழுச் சார்ஜ் ஏற சுமார் நாலரை மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் கிளம்புகிறவர் என்றால் இரண்டு மணிக்குத் தொடங்கும்படி டைமரை வையுங்கள், ஆறரைக்கு நிரம்பும், பேட்டரியும் அந்தச் சூட்டோடு இருக்கும். பிளக்கைக் கழற்றுமுன் பத்து நிமிடம் போன் வழியாக ஹீட்டரை ஓட விடுங்கள், அந்தக் கரண்ட் பேட்டரியைக் கரைக்காமல் சுவரிலிருந்து வரட்டும்.